எல்கம்மா தலையில் துண்டு

உங்களுக்கு இப்போது எச்.ஆர். என்று பெயர். எங்கள் காலத்தில் பெர்சனல் ஆபீசர். தொழிலாளிகள் எனக்கு வைத்திருந்த பெயர் வேறு. பெண்பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிற இந்த இடத்தில் அதைச் சொல்ல முடியாது. ஓய்வு பெற்று வீட்டில் கிடந்தவனைக் கூப்பிட்டு, புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு ரெண்டு அனுபவம் சொல்லச் சொன்னார்கள். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் நான் பேசினால் யாரும் கேட்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

சம்பளம், லீவு, பி.எஃப். எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அதற்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சங்கரன்கோவிலில் மில் வேலை பார்க்கிறவனுக்கு உலக அரசியல் தெரிந்திருக்க வேண்டும். சிரிக்காதீர்கள். நான் சேர்ந்த புதிதில் ஒரு பழைய மேனேஜர் இருந்தார். பேர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இதே ஊரில்தான் கடை வைத்திருக்கிறார்கள். காலையில் பேப்பரை விரித்தால் வெளிநாட்டுச் செய்தியைத்தான் முதலில் படிப்பார். "எதுக்கு சார் அது?" என்றேன் ஒருநாள். "உலகத்துல எங்கன குண்டு விழுந்தாலும் நம்ம கேன்டீன்ல வடை சின்னதாகும் வே. இன்னைக்கு வடை எம்புட்டுப் பெருசுன்னு பேப்பர்லயே பாத்துக்கிடலாம்" என்றார். எண்ணெய் ஏறும், கப்பல் வாடகை ஏறும், நூல் ஏறும், கடைசியில் எல்லாம் சேர்ந்து வடையில் வந்து இறங்கும். நான் ஓய்வு பெறும் வரைக்கும் அவர் சொன்னது தப்பவில்லை.

ஆனால் மனுஷர் பாதிப் பாடம்தான் நடத்தினார். அங்கே நடப்பது இங்கே வரும் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். இங்கே நடப்பதும் அங்கே போய்ப் பாயும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு.

நான் கடைசியாக வேலை பார்த்தது ராஜபாளையம் ரோட்டில் ஒரு துண்டு மில். குளியல் துண்டு, கைத்துண்டு எல்லாம் ஐரோப்பாவில் ஒரு நாட்டுக்குப் போகும். எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், கெடுப்பானேன். அந்த ஆர்டருக்காகவே புதிதாகத் தையல் செக்ஷன் தொடங்கி, சுற்றுவட்டாரத்துப் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தோம். ஆர்டர் இருந்தால் அவர்களுக்கு வேலை இருக்கும். போனால் மெஷின்களைத் துணி போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்தக் கம்பெனியிலிருந்து மில்லைப் பார்வையிட ஒரு அம்மா வருவார். ஹெல்கா என்று பேர். எங்கள் ஆட்கள் வாயில் எல்கம்மா ஆகிவிட்டார். ஒல்லியான, உயரமான மனுஷி. எதைப் பார்த்தாலும் முதலில் ஓரத் தையலைத்தான் இழுத்துப் பார்ப்பார். ஒருமுறை என் சட்டைக் கையை இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நான் வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை.

அந்த அம்மா ஒருநாள் புது நிபந்தனை கொண்டுவந்தார். மில்லில் தொழிலாளர் கமிட்டி வேண்டும், அதன் தலைவரைத் தொழிலாளிகளே ரகசிய ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும், நிர்வாகம் மூக்கை நுழைக்கக் கூடாது. இல்லாவிட்டால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும். அவர்கள் ஊரில் அப்போது தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. "வெளிநாட்டுத் துண்டு எதற்கு, நம் ஊர்த் துண்டு போதாதா?" என்று ஒரு கட்சி மேடை மேடையாகக் கேட்டுக்கொண்டிருந்ததாம். அதற்குப் பதில் சொல்ல, "நாங்கள் வாங்கும் துண்டை நெய்கிறவர்களுக்கு உரிமை இருக்கிறது பாருங்கள்" என்று காட்ட வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு. ஆக, அவர்கள் ஊர் மேடைப் பேச்சு எங்கள் மில்லில் ஓட்டுப் பெட்டியாக வந்து இறங்கியது.

முதலாளி அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

"கமிட்டியா? அதான் நான் இருக்கேம்லா?"

"தொழிலாளிகளுக்கு ஒரு தலைவர் வேணுமாம் அண்ணாச்சி."

"அதுக்கென்ன, நம்ம வாட்ச்மேனைப் போட்டுருவோம். தங்கமான மனுசன். வாயே திறக்க மாட்டாரு."

"ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கணுமாம்."

"ஓட்டா? என் மில்லுக்குள்ளயா? வெளிய இருக்க ஓட்டுக்கே ஊரு நாறிப்போயி கெடக்கு வே!"

"இல்லைன்னா ஆர்டர் போயிரும்."

அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார். "ஆர்டர் போச்சுன்னா நான் தலையில துண்டைப் போட்டுக்கிட்டுப் போக வேண்டியதுதான். சரி, நடத்தித் தொலையும்" என்றார்.

பிள்ளைகளே, இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். பேர் அச்சடித்த சீட்டு இருந்தாலே போதும். எல்கம்மா ஊரில் அப்படித்தானாம். ஆனால் ஓட்டு என்றதும் என் புத்தி தானாகச் சின்னத்தைத் தேடியது. சின்னம் இல்லாத தேர்தலை நம் ஊர்க்காரன் எவனும் கண்டதில்லை. போட்டியிட்டவர்கள் இரண்டு பேர். தறி செக்ஷன் குருசாமிக்கு டிபன் கேரியர், தையல் செக்ஷன் முத்துமாரிக்குக் கத்திரிக்கோல் என்று ஒதுக்கி, நோட்டீஸ் போர்டில் படமும் ஒட்டிவிட்டேன். என் கைப்படவே வரைந்தேன். டிபன் கேரியர் ரொம்ப நன்றாக வந்திருந்தது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் மில் மில்லாக இல்லை.

இந்த இரண்டு பேரையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குருசாமிக்கு அரசியல் ரத்தத்திலேயே ஊறியது. ஒரு பெரிய கட்சியில் வார்டு அளவில் ஏதோ பொறுப்பு. ஃப்ளெக்ஸ் அடிக்காமல் அவன் வீட்டில் ஒரு நல்லது கெட்டது நடந்ததில்லை. மகளுக்குக் காது குத்தியபோது வைத்த போர்டில் குழந்தை படத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மீதி இடம் முழுக்க இவனும் இவன் தலைவர்களும்.

முத்துமாரிக்கு ஊர் பனவடலிசத்திரம். புருஷன் திருப்பூரில் வேலை. வீட்டில் மாமனார் ராஜ்ஜியம். ஷிப்ட் அஞ்சரைக்கு முடிந்து அவள் பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் அவள் ஊருக்குப் போகிற பஸ் கிளம்பிவிடும். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீடு போய்ச் சேர ராத்திரியாகிவிடும். அந்தப் பக்கத்திலிருந்து வருகிற அத்தனை பெண்களுக்கும் இதே பாடுதான். மாமனார் கடைசியாகச் சொல்லிவிட்டார்: கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குள், விளக்கு வைக்கும் முன்னே வீடு வந்து சேர வழி பார், இல்லையென்றால் வேலையை விட்டு நின்றுவிடு. முத்துமாரி தேர்தலில் நின்றது அதற்காகத்தான். கமிட்டித் தலைவர் ஆனால் மில்லிலிருந்து பஸ் கேட்கலாம். கிடைத்தால் வேலை உண்டு, கிடைக்காவிட்டால் அடுப்படிதான். "இந்த வேலை போச்சுன்னா எனக்குன்னு ஒண்ணுமே இல்ல சார்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். வாய்த்துடுக்குக்காரி. அன்றைக்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில் கேட்டுக்கு உள்பக்கம் குருசாமியின் போர்டு எழுந்தது. வழக்கம்போல் வட்டம் வட்டமாகத் தலைவர்கள், கீழே கும்பிட்டபடி குருசாமி, அவன் கையில் டிபன் கேரியர். கேன்டீனில் எல்லாரும் அதைப் பற்றியே பேசினார்கள். முத்துமாரி பார்த்தாள். மறுநாள் அதற்கு எதிரே அதைவிடப் பெரிய போர்டு ஒன்று நின்றது. மேலே ஆகாயம் முழுக்க எல்கம்மாவின் முகம். முன்பு வந்தபோது யாரோ செல்போனில் எடுத்த படம். முகத்தைச் சுற்றிக் கோயில் படத்தில் இருப்பதுபோல ஒளிவட்டம். கீழே முத்துமாரி கத்திரிக்கோலோடு நிற்கிறாள். எழுத்து இதுதான்: "ஐரோப்பாவே! அன்னையே! ஆர்டரே! உங்கள் ஆசி பெற்ற ஒரே சின்னம் கத்திரிக்கோல்!"

முத்துமாரியைக் கூப்பிட்டேன். "ஏம்மா, இது யாரு பாத்த வேலை? அந்த அம்மாகிட்ட கேட்டியா?" என்றேன்.

"குருசாமி அண்ணன் அத்தனை தலைவர்கிட்டயும் கேட்டுட்டா போட்டாரு?"

"அது அவங்க கட்சிம்மா."

"அவருக்குத் தலைவர் படம் இருக்கு சார். எனக்கு யாரு இருக்கா? இந்தம்மாதான் இருக்கு" என்றாள்.

நான் ஆபீசுக்குத் திரும்பிவிட்டேன்.

குருசாமி சும்மா இருப்பானா? மூன்றாவது போர்டு வந்தது. "அந்நிய சக்திக்கு அடிபணியாதே! மண்ணின் மைந்தன் சின்னம் டிபன் கேரியர்!" ஐரோப்பாவுக்குத் துண்டு நெய்து சம்பளம் வாங்குகிறவன், ஐரோப்பாவை எதிர்த்து மதியச் சாப்பாட்டு வேளையில் கேன்டீன் பெஞ்சின் மேல் ஏறிப் பேசினான். "ஏலே மக்கா, யோசிச்சுப் பாருங்க! இன்னைக்குத் தலைவரை அவ சொல்லுதா. நாளைக்கு நம்ம கேன்டீன்ல என்ன குழம்புன்னும் அவதான் சொல்லுவா!" கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. முத்துமாரி கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினாள்: "அண்ணே, அந்நியனை எதிர்த்து அடிச்ச போர்டு இருக்கே, அந்த ஃப்ளெக்ஸ் ரோலு சீனாவுலருந்து வந்ததுன்னு கடைக்காரர் சொல்லுதாரே!" அதற்கு அதைவிடப் பெரிய கைதட்டல். முதலாளி அண்ணாச்சி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு இரத்த அழுத்த மாத்திரையைத் தேடினார்.

இதோடு நின்றிருந்தால் இது எங்கள் வீட்டுச் சண்டை. எங்கள் லோடு டிரைவர் காதர் முத்துமாரி போர்டைப் படம் எடுத்துத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். அவனுக்குக் கடையநல்லூர். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் துபாயில். அங்கே ஒரு மச்சான் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கூட வேலை பார்க்கிறவனுக்கு அனுப்பினான். அவன் அந்த ஐரோப்பா நாட்டுக்காரன். அவ்வளவுதான். ராக்கெட்கூட அந்த வேகத்தில் போகாது.

எல்கம்மா நாட்டில் அந்தத் துண்டு எதிர்ப்புக் கட்சிக்காரர் ஒருவர் எங்கள் போர்டைப் பெரிதாக அச்சடித்து மேடையில் தூக்கிக் காட்டினாராம். "பார்த்தீர்களா! நம் கம்பெனி இந்தியாவில் பொம்மை அரசாங்கம் அமைக்கிறது!" தமிழ் எழுத்தையெல்லாம் ஆள் வைத்து மொழிபெயர்த்து வாசித்தாராம். "ஐரோப்பாவே, அன்னையே, ஆர்டரே" என்று அவர்கள் பாஷையில் முழங்கியபோது கூட்டம் என்ன செய்தது என்று தெரியவில்லை. எல்கம்மா எனக்குப் போன் போட்டார். அழாத குறை. அந்த ஊர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் ஓட்டுப்பதிவு அன்று அவரோடு வருகிறார், கேமராவும் வருகிறது. தன் முகம் எந்தக் கட்சிக்காகவும் அங்கே இருக்கக் கூடாது. இருந்தால் தன் வேலையும் போகும், ஆர்டரும் போகும். அதே நேரம் தேர்தல் கட்டாயம் ஒழுங்காக நடக்க வேண்டும். நடக்காவிட்டாலும் ஆர்டர் போகும்.

"கிழிச்சு எறியும் வே அந்தச் சவத்தை!" என்று அண்ணாச்சி குதித்தார்.

முத்துமாரியிடம் போனேன். அவள் பின்னால் தையல் செக்ஷன் மொத்தமும் எழுந்து நின்றது. "எங்க போர்டைக் கிழிச்சா அவரு போர்டையும் கிழிக்கணும். ரெண்டையும் கிழிச்சா நாங்க ஓட்டுப் போட வர மாட்டோம். மெஷினும் ஓடாது" என்றாள். குருசாமியிடம் போனேன். "என் தலைவர் படத்துல கை வச்சா மில்லுக்கு வெளிய நூறு பேரு நிப்பான் சார், பாத்துக்கோங்க" என்றான். சவம், ஆளுக்கொரு கத்தியை எடுத்து என் கழுத்திலேயே வைத்தார்கள்.

இப்படி எல்லாப் பக்கமும் அடைத்துக்கொண்டால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆபீசை விட்டு வெளியே போய் ஒரு டீ குடிக்க வேண்டும். நான் ரோட்டுக் கடைக்குப் போனேன். கிளாஸைக் கையில் வாங்கியபோது ஞாபகம் வந்தது. தேர்தல் தேதி அறிவித்ததும் ஊரில் தலைவர்கள் சிலையையெல்லாம் துணி போட்டுச் சுற்றி மூடுவார்களே! யாரும் சிலையை உடைப்பதில்லை, யாரும் சண்டைக்கு வருவதும் இல்லை. தேர்தல் முடிந்ததும் துணியை அவிழ்ப்பார்கள்.

ஓடி வந்து நோட்டீஸ் போர்டில் நடத்தை விதி என்று எழுதினேன். ஓட்டுப்பதிவு முடியும் வரை எல்லாப் போர்டிலும் தலைவர்கள் முகம் மூடப்பட வேண்டும், கிழிக்கப்படாது. சட்டம் என்றதும் இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்கள். நம் ஆட்களுக்கு அநியாயம் எதிர்ப்பக்கமும் சமமாக நடந்தால் போதும். மூடத் துணிக்குப் பஞ்சமா என்ன? எங்கள் துண்டையே எடுத்துக் குருசாமியின் தலைவர்களுக்கு ஒவ்வொன்று கட்டினோம். எல்கம்மா முகம் பெரிது என்பதால் பச்சைக் கோடு போட்ட ஏற்றுமதிக் குளியல் துண்டு. தையல் செக்ஷன் பெண்கள் காற்றில் பறக்கக் கூடாது என்று அதை நாலு பக்கமும் கோணி ஊசியால் ஃப்ளெக்ஸோடு சேர்த்துத் தைத்தே விட்டார்கள். ஓரத் தையல் பிரமாதம்.

ஓட்டுப்பதிவு நாள் வந்தது. கேன்டீன்தான் வாக்குச்சாவடி. காலையிலேயே தகராறு ஆரம்பித்துவிட்டது. "தையல் செக்ஷன்ல எல்லாரும் கத்திரிக்கோலைக் கையில வச்சுக்கிட்டு வரிசையில நிக்காங்க சார். சின்னத்தைச் சாவடிக்குள்ள கொண்டு வாரது தப்பில்லையா?" என்றான் குருசாமி. நியாயம்தான். கத்திரிக்கோலையெல்லாம் வாங்கி வைத்தோம். உடனே முத்துமாரி, "அப்ப டிபன் கேரியரு?" என்றாள். அதுவும் நியாயம். மில்லில் இருந்த சாப்பாடு மொத்தமும் சாவடிக்கு வெளியே, வாட்ச்மேன் காவலில், வரிசையாக நின்றது. காக்காய்கள் மட்டும் அங்கே கூட்டம் போட்டன.

பத்தரை மணிக்கு எல்கம்மா கார் வந்தது. பக்கத்தில் தாடி வைத்த பத்திரிகைக்காரர், கழுத்தில் கேமரா. போர்டைப் பார்த்தார்கள், துண்டு கட்டிய முகம். எல்கம்மா நிம்மதிப் பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன். கேன்டீனுக்குள் நுழைந்து, சுவர் ஓரமாகப் பார்வையாளருக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ஜெக்ஷன்!" என்றான் குருசாமி.

"என்னடே இப்ப?"

"அவங்க படத்தையே மூடணும்னு விதி போட்டீங்க. இப்ப ஆளே வந்து உட்காந்திருக்காங்க. ஓட்டுப் போட வாரவன் முகத்தை நேருக்கு நேரா பாக்கானா இல்லையா? படம் பெருசா, ஆளு பெருசா? விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். மூடுங்க!"

தறி செக்ஷன் மொத்தமும், "மூடு! மூடு!" என்று கத்த ஆரம்பித்தது. மூடாவிட்டால் தேர்தலைப் புறக்கணிப்போம் என்றான் குருசாமி. அண்ணாச்சி என் காதோரம் வந்து, "வே, ஆர்டர் குடுக்கிற மகராசி தலையில துண்டைப் போடச் சொல்லுதான் அந்தக் கோட்டிப்பய. போட்டீர்னா நான் இங்கனயே செத்துருவேன்" என்றார். பத்திரிகைக்காரர் ஒன்றும் புரியாமல் எல்லாரையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எல்கம்மா என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறார்?" என்றார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் பொய் சொல்லலாம் என்று தோன்றும். 'உங்களை வாழ்த்துகிறார்' என்று மழுப்பிவிடலாம். நான் செய்யவில்லை. என் யோக்கியதைக்காக அல்ல. அந்த நேரத்தில் எனக்குப் பொய் எதுவும் தோன்றவில்லை. நடந்ததை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். தலைவர்கள் முகத்தை மூடுவது எங்கள் வழக்கம் அம்மா, நீங்கள் இப்போது ஒரு தலைவர் அம்மா, என்ன செய்ய என்று கேட்டேன்.

அந்த அம்மா எழுந்து, மேஜையில் மாதிரிக்கு அடுக்கியிருந்த துண்டில் ஒன்றை எடுத்தார். ஓரத்தை இழுத்துப் பார்த்தார். "தையல் நன்றாக இருக்கிறது" என்றார். விரித்துத் தன் தலையில் முக்காடாகப் போட்டு, முகத்துக்கு முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

குருசாமிதான் முதலில் கைதட்டினான். "இது தலைவி!" என்றான். அவனே சொன்னான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுப்பதிவு முடியும் வரை அந்த அம்மா துண்டை எடுக்கவில்லை. உள்ளேயிருந்து அடிக்கடி, "இப்போது என்ன நடக்கிறது?" என்று கேட்பார். நான் கிரிக்கெட் வர்ணனைபோலச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கேன்டீன்காரர் டீயையும் வடையையும் துண்டுக்கு அடியில் நீட்டினார். கை மட்டும் வெளியே வந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனது. அன்றைக்கு வடை பெரிதாக இருந்தது.

அந்தப் படம் மறுநாள் அவர்கள் ஊர்ப் பத்திரிகையில் வந்தது. இந்தியத் தேர்தலில் தலையிட்டதாகச் சொல்லப்பட்ட அதிகாரி, தேர்தலைக் கண்ணால் பார்க்கக்கூட அனுமதிக்கப்படவில்லை என்று எழுதினாராம் தாடிக்காரர். நாடே சிரித்ததாம். பொம்மை அரசாங்கம் என்று பேசியவர் அதற்குப் பிறகு வேறு விஷயம் பேசப் போய்விட்டார். கடைகளில் அந்தப் பச்சைக் கோட்டுத் துண்டைக் கேட்டு வாங்கினார்கள் என்று எல்கம்மா சொன்னார். அதை நான் நம்பவில்லை. ஆனால் ஆர்டர் போகவில்லை. குருசாமி எழுப்பிய ஒரு கோட்டித்தனமான ஆட்சேபணைதான் கடல் தாண்டிப்போய் அந்த அம்மா வேலையைக் காப்பாற்றியது.

முத்துமாரி ஜெயித்தாள். குருசாமி கொஞ்ச நேரம் அந்நியச் சதி என்றான். பிறகு என்னிடம் வந்து, தான்தான் இனி எதிர்க்கட்சித் தலைவர் என்றும் அதற்கு ஒரு தனி நாற்காலி வேண்டும் என்றும் கேட்டான். கொடுத்துவிட்டேன். கை வைத்த நாற்காலி.

அன்று சாயங்காலமே பஸ் பேச்சு. அதற்கு முன்னால் மூன்று பேரும் தனித்தனியாக என்னைப் பிடித்தார்கள். முதலில் அண்ணாச்சி: "பஸ் விடுததுல எனக்கு ஒண்ணுமில்ல வே. தொழிலாளி கேட்டு நான் குடுத்தேன்னு தெரிஞ்சா மத்த மில்லுக்காரங்க என்னைய உரிச்சிருவாங்க. நாளைக்கு அவங்ககிட்டயும் கேப்பாங்கள்லா? அந்தம்மாவைக் கேக்கச் சொல்லும்." அடுத்து எல்கம்மா: "நான் கேட்கவே முடியாது. இப்போதுதான் துண்டுக்குள்ளிருந்து வெளியே வந்திருக்கிறேன். மறுபடி தலையிடுகிறாள் என்பார்கள். கமிட்டி கேட்கட்டும்." கடைசியில் முத்துமாரி: "நானே கேட்டு வாங்குனேன்னு தெரிஞ்சா, 'அம்புட்டுப் பெரிய ஆளாயிட்டியோ'ன்னு எங்க மாமா ஆடுவாரு சார். கம்பெனியே கட்டாயம்னு சொல்லிச்சுன்னு இருக்கட்டும்."

மூன்று பேருக்கும் பஸ் சம்மதம். மூன்று பேராலும் கேட்க முடியாது. ரூமில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததில் டீ ஆறியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. போட்டு உடைத்தேன். "பஸ் வருது. அது முடிவாயிட்டு. இங்கேருந்து வெளியே போயி ஆளாளுக்கு மத்தவங்க மேல பழியைப் போடுங்க. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மறுக்கக் கூடாது. அம்புட்டுதான் ஒப்பந்தம்" என்றேன். எல்கம்மாவுக்கு இங்கிலீஷில் சொன்னதும் அவர்தான் முதலில் கையை நீட்டினார்.

அண்ணாச்சி மில் ஓனர்கள் கூட்டத்தில், "வெள்ளைக்காரி கழுத்துல கத்தியை வச்சுட்டா, என்ன செய்யச் சொல்லுதீக?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்கம்மா தன் ஊரில், "தொழிலாளிகள் போராடிப் பெற்றார்கள், எங்களால் மறுக்க முடியவில்லை" என்றார். முத்துமாரி வீட்டில், "மாமா, நான் வேலையை விட்டா வெளிநாட்டுல கேஸாயிரும்" என்று போட்டாளாம் ஒரு போடு. குருசாமி மட்டும், தான் எதிர்த்து நின்ற பயத்தில்தான் பஸ் வருகிறது என்று தன் பங்குக்கு ஒரு போர்டு வைத்தான். வெளியே இருக்கும் நெருக்கடியைக் காட்டித்தான் உள்ளே காரியம் நடக்கும், உள்ளே இருக்கும் நெருக்கடியைக் காட்டித்தான் வெளியே காரியம் நடக்கும். பெரிய பெரிய நாட்டு மந்திரிகளும் ரூமுக்குள் இதைத்தான் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு டீயோடு வடை கிடைக்குமா என்று தெரியவில்லை.

சரி, பஸ் வந்ததா? அங்கேதான் அண்ணாச்சி. "வண்டி பாத்துக்கிட்டிருக்கேன் வே" என்று தள்ளிக்கொண்டே போனார். பங்குனி போனது, சித்திரை போனது, வைகாசியும் ஆனியும் போயின. போர்டில் எல்கம்மா முகத்துத் துண்டை அவிழ்க்கச் சொன்னேன். முத்துமாரி விடவில்லை. "பஸ்ஸு வந்தாத்தான் சார் தேர்தல் முடிஞ்சதா அர்த்தம். அதுவரைக்கும் விதி விதிதான்" என்றாள். நாலு மாசம் வெயில் தின்ற ஃப்ளெக்ஸைக் கழற்றி, கேட்டுக்குப் பக்கத்தில் ஷிப்ட் விட்டதும் பெண்கள் நிற்கிற இடத்தில், படம் கீழே தெரிகிறாற்போலப் பந்தலாகக் கட்டினார்கள். அவர்கள் தலைக்கு மேலே துண்டு தைத்த முகம் ஆடிக்கொண்டிருந்தது. ஆடி பிறந்தது. தபசுக்குக் கொடியும் ஏறிவிட்டது. முத்துமாரி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நான் ஒன்று செய்தேன். எல்கம்மாவுக்குப் போன் போட்டு, ஒருமுறை வந்து போனால் நல்லது என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவர் வருகிறார் என்று தெரிந்த மறுநாளே அண்ணாச்சிக்கு வண்டி கிடைத்துவிட்டது.

அஞ்சரைக்கு ஷிப்ட் விட்டது. ஆடிக்காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. எல்கம்மா பந்தலுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். "இன்னும் தேர்தல் முடியவில்லையா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டது. மஞ்சள் பெயின்ட் அடித்த பழைய வண்டி. கண்ணாடியில் 'பனவடலிசத்திரம்' என்று சுண்ணாம்பில் எழுதியிருந்தது. முன்னால் குருசாமி தேங்காயோடு நின்றான்.

முத்துமாரி உள்ளே ஓடிப்போய்த் தன் கத்திரிக்கோலை எடுத்து வந்தாள். பெஞ்சின் மேல் ஏறி, நாலு பக்கத் தையலையும் வெட்டினாள். துண்டு விழுந்தது. போர்டு முழுக்க வெயிலில் வெளுத்திருந்தது, கீழே நின்ற முத்துமாரி படம்கூட வெளுத்துப் போயிருந்தது. எல்கம்மா முகம் மட்டும் அன்றைக்கு அடித்த மாதிரியே பளிச்சென்று இருந்தது.

"தேர்தல் முடிஞ்சிட்டு. இனி நீங்க பாக்கலாம்மா" என்றாள். கத்திரிக்கோலை என் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் வண்டியில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் போனை எடுத்தாள். வண்டி திரும்பும்போது அவள் கத்திப் பேசுவது எங்களுக்குக் கேட்டது.

"மாமா, வெளிச்சத்தோடயே வந்துருதேன். நாளைக்கும் வேலைக்குப் போவேன்."